காஃபிலா: திரும்பி வருவோரின் பெயர்

ஹஜ்ஜுக் காலம் நெருங்கியதும் நம் ஊர்ப் பள்ளிவாசல் முற்றங்களில் ஒரு சொல் புழங்கத் தொடங்கிவிடுகிறது. "நீங்கள் எந்தக் காஃபிலாவில் போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். "நம் ஊர்க் காஃபிலாவில்தான்" என்று மற்றவர் விடையிறுப்பார். அச்சொல்லுக்குப் பொருள் என்னவென்று கேட்டால் 'கூட்டம்' என்றோ 'பயணக் குழு' என்றோ கூறுவர். அது பிழையன்று. ஆயினும் அந்தச் சிறு சொல்லுக்குள் ஒரு பெரிய வழக்கு அடங்கிக் கிடக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அரபு மொழி வல்லுநர்கள் இரு கட்சியாக நின்று வாதிட்ட வழக்கு அது. அவ்வழக்கில் நாமும் ஒரு காலத்தில் ஒரு கட்சியைச் சார்ந்து நின்று, ஒரு பெரியவரின் மனத்தை வருத்தியதுண்டு. அதனை முதலில் சொல்லிவிடுவதே முறை.

முப்பதாண்டுகளுக்கும் முன்னர், மத்ரஸாவில் மேல் வகுப்பில் ஓதிக்கொண்டிருந்த காலம். அண்டை ஊர் வணிகர் ஒருவர், வயதில் மூத்தவர், தம்முடன் ஹஜ்ஜுக்குச் செல்லவிருந்த சிலரைச் சேர்த்து ஒரு துஆ மஜ்லிஸ் கூட்டினார். 'ஹஜ் காஃபிலா வழியனுப்பு வைபவம்' என்று அழைப்பிதழும் அச்சிட்டிருந்தார். அரபு இலக்கணத்தில் அப்போதுதான் சுவை கண்டிருந்த நாம், சபையிலேயே அவரிடம், "காஃபிலா என்றால் திரும்பி வரும் கூட்டம் என்றுதான் பொருள். காஃபிலாவை வரவேற்கலாமேயன்றி வழியனுப்ப முடியாது" என்று கூறிவிட்டோம். உடன் ஓதிய மாணவர்கள் நகைத்தனர். பெரியவர் சற்றே திகைத்து, பிறகு, "எனக்கு அந்த இல்மெல்லாம் இல்லை, தம்பி. ஆனா போறவங்க திரும்பி வரணும்னுதானே நாம அனுப்பி வைக்கிறோம்?" என்றார். எம் உஸ்தாது மட்டும் நகைக்கவில்லை. அவர் நகைக்காமைக்குரிய காரணம் பின்னர்தான் விளங்கிற்று.

திருமறை வழங்கும் பெயர்கள்

கூட்டமாகச் செல்லும் பயணிகளைக் குறிக்க அல்குர்ஆன் பல சொற்களை ஆள்கிறது. வியப்பு என்னவெனில், அவற்றுள் 'காஃபிலா' என்னும் சொல் இல்லை. காஃப், ஃபா, லாம் என்னும் அந்த மூவெழுத்து வேர், திருமறையில் 'பூட்டுகள்' என்னும் பொருளில் ஸூரா முஹம்மதில் ஓரிடத்தில் (47:24) மட்டுமே வருகிறது.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும் ஸூராவில், கிணற்றருகே வந்து சேர்ந்த பயணக் கூட்டம் 'ஸய்யாரா' எனப்படுகிறது (12:19). 'ஸைர்' என்றால் செல்லுதல். ஓயாது செல்வோர் ஸய்யாரா. இக்காலத்து அரபு மக்கள் மோட்டார் வாகனத்திற்கு இப்பெயரையே வைத்துக்கொண்டனர். அதனால், புது அரபியை மட்டும் கற்ற நம் பிள்ளைகள் சிலர் இந்த வசனத்திற்கு வந்ததும் திகைத்து நிற்பதை வகுப்பில் காண்கிறோம்.

அதே ஸூராவில், தானியம் பெற மிஸ்ருக்கு வந்து திரும்பிய சகோதரர்களின் கூட்டம் 'ஈர்' எனப்படுகிறது (12:70, 82, 94). உணவுப் பொருள் சுமந்து செல்லும் ஒட்டகங்களையும் அவற்றுடன் செல்லும் மனிதரையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் இது. யூஸுஃபை (அலை) அடிமையாகக் கொண்டு சென்ற கூட்டம் ஸய்யாரா. அவருடைய சட்டையைச் சுமந்து தந்தையிடம் மீண்ட கூட்டம் ஈர். அந்த ஈர் மிஸ்ரை விட்டுப் புறப்பட்டபோதே யஃகூப் (அலை) அவர்கள் தம் மைந்தரின் மணத்தை உணர்ந்தார்கள் என்று திருமறை கூறுகிறது.

மூன்றாவது சொல் 'ரக்பு'. ஊர்ந்து செல்வோர், அதாவது வாகனமேறிச் செல்வோர், என்பது இதன் பொருள். ஹிஜ்ரி 2 (கி.பி. 624) பத்ருப் போரின்போது கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிச் சென்ற அபூஸுஃப்யானின் வணிகக் கூட்டம் ஸூரா அன்ஃபாலில் (8:42) இப்பெயரால் குறிக்கப்படுகிறது. தனியே பயணம் செல்வதைக் கண்டித்து, மூவர் சேர்ந்தால்தான் ரக்பு ஆகும் என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. மூவர் பயணம் செல்லின் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறும் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். பாலை நிலத்தில் தனியன் இறந்தால் அடக்கம் செய்யவும் ஆளில்லை, செய்தி சொல்லவும் ஆளில்லை என்பதை எண்ணின் இதன் நுட்பம் புலனாகும்.

பாரசீகமும் தமிழும்

பாரசீகர் பயணக் கூட்டத்தைக் 'கார்வான்' என்றனர். பழம்பாரசீகத்தில் 'கார' என்னும் சொல் மக்களையும் படையையும் குறித்தது. அதனின்றே இச்சொல் கிளைத்தது என்பர் மொழிநூலார். ஐரோப்பிய மொழிகளிலுள்ள 'காரவான்' இதன் பேரன். அரபியரும் இதனை வாங்கி 'கைரவான்' என்று ஆக்கிக்கொண்டனர். உக்பா இப்னு நாஃபிஉ அவர்கள் ஹிஜ்ரி 50 (கி.பி. 670) அளவில் வட ஆப்பிரிக்காவில் நிறுவிய நகருக்கு இதுவே பெயராயிற்று. இன்று துனீஸியாவிலுள்ள அந்தக் கைரவான் நகரம், ஒரு பயணக் கூட்டத்தின் பெயரைத் தாங்கி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது.

நம் தமிழுக்கும் இத்தகைய சொல் உண்டு. 'சாத்து' என்பது அது. 'ஸார்த்த' என்னும் வடசொல்லின் வழிவந்தது. பொருளோடு கூடியது என்பது வடசொற்பொருள். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்வதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சிலப்பதிகாரத்துக் கோவலனின் தந்தை மாசாத்துவான். பெருஞ்சாத்தின் தலைவன் என்பதே அப்பெயரின் பொருள். பெரும் வணிகக் கூட்டங்களை நடத்திச் சென்று மீட்டுவரும் குடியிற் பிறந்த கோவலன், கூட்டமின்றி மதுரைக்குச் சென்றான், மீளவில்லை.

இவற்றை ஒருங்கே நோக்குவோமாயின் ஓர் உண்மை தெளிவாகும். ஒரே காட்சியை ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. 'ஸய்யாரா' நடையைப் பார்க்கிறது. 'ஈர்' சுமையைப் பார்க்கிறது. 'ரக்பு' ஊர்தியைப் பார்க்கிறது. 'கார்வான்' ஆள்திரளைப் பார்க்கிறது. 'சாத்து' பொருளைப் பார்க்கிறது. 'காஃபிலா' ஒன்றுதான் இவற்றுள் எதனையும் பாராமல் வீட்டு வாசலைப் பார்க்கிறது.

அறிஞர்களின் வழக்கு

'கஃபல' என்றால் பயணத்தினின்று திரும்பினான் என்று பொருள். 'குஃபூல்' என்றால் திரும்புதல். ஹதீஸ் நூல்களில் இப்பொருளிலேயே இச்சொல் வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் போரிலிருந்தோ ஹஜ்ஜிலிருந்தோ உம்ராவிலிருந்தோ திரும்பும்போது ஓதிய துஆவை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்கள் 'கஃபல' என்ற சொல்லையே ஆள்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம்மீது அவதூறு கூறப்பட்ட நிகழ்ச்சியை விவரிக்கும்போது, மதீனாவை நெருங்கி வந்துகொண்டிருந்த கூட்டத்தைத் 'திரும்புவோர்' என்னும் பொருளில் 'காஃபிலீன்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

இதனைப் பிடித்துக்கொண்டனர் மொழிக்காவலர். ஹிஜ்ரி 276-இல் (கி.பி. 889) மறைந்த இப்னு குதைபா, எழுத்தர்களுக்கென இயற்றிய 'அதபுல் காதிப்' நூலில் மக்கள் தவறாக வழங்கும் சொற்களைத் தொகுத்தபோது காஃபிலாவையும் அப்பட்டியலிற் சேர்த்தார். போகும் கூட்டத்தையும் மக்கள் காஃபிலா என்கின்றனர். அது தவறு, திரும்பும் கூட்டமே காஃபிலா என்பது அவர் தீர்ப்பு. ஹிஜ்ரி 395-இல் மறைந்த இப்னு ஃபாரிஸும் போவோர் மீளும்வரை அப்பெயர் பெறார் என்றார். மகாமாத் ஆசிரியரான பஸராவின் ஹரீரீ (மறைவு ஹிஜ்ரி 516, கி.பி. 1122) 'துர்ரத்துல் கவ்வாஸ்' என்னும் நூலில், ஹாஜிகளின் காஃபிலாவை வழியனுப்பினேன் என்று சொல்வது முன்னுக்குப்பின் முரண் என்று எழுதினார். நாம் அந்தப் பெரியவரிடம் சொன்னது இந்த ஹரீரீயின் வாதமே. நூலை மூடிய சூட்டோடு சபைக்குச் சென்றிருந்தோம்.

அன்றிரவு எம் உஸ்தாது எம்மை அழைத்து, 'தஹ்தீபுல் லுகா'வில் அஸ்ஹரீ என்ன சொல்கிறார் என்று பார்த்தீரா என்று கேட்டார். பார்க்கவில்லை. அபூ மன்ஸூர் அல்அஸ்ஹரீ (ஹிஜ்ரி 282–370, கி.பி. 895–980) இப்னு குதைபாவை நேரடியாக மறுத்துரைக்கிறார். பயணத்தைத் தொடங்கும் கூட்டத்தையும் அரபியர் காஃபிலா என்று அழைப்பர். அல்லாஹ் அவர்களுக்குத் திரும்பி வருதலை எளிதாக்குவான் என்ற நன்னம்பிக்கையால் அவ்வாறு அழைப்பர் என்பது அவர் விளக்கம். இதற்கு அரபியில் 'தஃபாஉல்' என்பர். நற்சகுனம் பாராட்டி நல்வாக்குச் சொல்லுதல்.

இங்ஙனம் சொன்னவர் யார் என்பதையும் அறிதல் வேண்டும். அஸ்ஹரீ குராஸானின் ஹிராத் நகரைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி 312-இல் (கி.பி. 924) ஹஜ்ஜை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பெருங்கூட்டத்தை 'ஹபீர்' என்னும் இடத்தில் கர்மத்தியர் தாக்கினர். கொல்லப்பட்டோர் பலர், நீரின்றிப் பாலையில் மடிந்தோர் பலர், சிறைப்பட்டோர் பலர். காவலுக்குச் சென்ற தளபதி அபுல் ஹைஜா இப்னு ஹம்தானே சிறைப்பட்டார். அன்று சிறைப்பட்டோருள் ஏறத்தாழ இருபத்தொன்பது வயதினரான அஸ்ஹரீயும் ஒருவர். ஹவாஸின், தமீம், அஸத் குலங்களைச் சேர்ந்த நாடோடி அரபியர் பங்கில் அவர் விழுந்தார். மழையைத் தேடி மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்வதும் கோடையில் நீர்நிலைகளுக்கு மீள்வதுமாக வாழ்ந்த அம்மக்களோடு நெடுங்காலம் கழித்தார். எழுதப் படிக்கக் கற்காத அவர்கள் நாவில் பிழையற்ற அரபி வழங்கியதை அங்கேதான் கேட்டார். அவர்களிடம் பெற்ற சொற்களே தம் அகராதிக்குப் பெரும் செல்வமாயின என்பதை நூலின் முன்னுரையில் அவரே நன்றியோடு குறிப்பிடுகிறார். பின்னர் ஹிராத்துக்கு மீண்டு, அங்கேயே மறைந்தார்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். இப்னு குதைபா தீனவர் நகரின் காஸி. பக்தாதில் எழுத்தர்களுக்குப் பாடம் சொன்னவர். அவர் கூறிய சொல்லிலக்கணம் வேரின்படி சரியே. ஆனால் திரும்பும் வழியில் மறிக்கப்பட்டு, வீடு எட்டாத தொலைவில் ஆண்டுகளைக் கழித்தவர் ஒருவர், அதே சொல்லை எடுத்துக்கொண்டு, புறப்படுவோர்க்கும் அப்பெயர் உண்டு, அது அவர்களுக்காகக் கேட்கப்படும் துஆ என்கிறார். இலக்கணம் கற்றவன் முதற் கூற்றைப் புரிந்துகொள்வான். இரண்டாவதைப் புரிந்துகொள்ளப் பிரிவையும் கற்றிருக்க வேண்டும்.

மங்கலச் சொல்

இத்தகைய வழக்கு அரபியில் இஃதொன்றே அன்று. உயிர்பறிக்கும் வறண்ட பாலையை 'மஃபாஸா' என்பர். வெற்றிக்குரிய இடம் என்பது சொற்பொருள். அதனைக் கடந்தவர் வென்றவராவார் என்ற நன்னோக்கால் வந்த பெயர் என்று அஸ்மஈ முதலியோர் விளக்குவர். பாம்பு தீண்டப்பெற்றவரை 'ஸலீம்', அதாவது நலமுற்றவர், என்பர்.

தமிழ் இலக்கணம் இதனை நன்கறியும். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து அவற்றுள் ஒன்றுக்கு 'மங்கலம்' என்று பெயரிட்டார். இறந்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதன்பாற்படும். இலக்கணம் ஓதாத நம் தாய்மாரும் இதனை அறிவர். வாசற்படி இறங்கும் பிள்ளை "போகிறேன்" என்றால் விடமாட்டார்கள். "போய் வருகிறேன் என்று சொல்" என்று திருத்துவார்கள். பிள்ளை சொல்லும்வரை கதவருகே நிற்பார்கள். புறப்பாட்டைச் சொல்லும் வாக்கியத்திலேயே வரவையும் சேர்த்துக் கட்டிவிடுவது தமிழ் வழக்கு. 'காஃபிலா' என்னும் ஒற்றைச் சொல் அரபியில் செய்யும் வேலையை நம் வீடுகளில் 'போய் வருகிறேன்' செய்கிறது. அந்த முதியவர் அஸ்ஹரீயைப் படித்தவரல்லர். ஆயினும் சபையில் அவர் கூறியது அஸ்ஹரீயின் தீர்ப்பேயாகும்.

திருப்பிச் சேர்க்கும் கடமை

நன்னம்பிக்கை வாயளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. ஹிஜ்ரி 9-இல் (கி.பி. 631) அபூபக்ர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜின் அமீராக அனுப்பப்பட்டது முதல், ஹாஜிகளை அழைத்துச் சென்று மீட்டு வருவது ஆட்சியாளரின் பொறுப்பாகக் கருதப்பட்டது. 1325-இல் தஞ்சா நகரினின்று தனியே புறப்பட்ட இப்னு பதூதா, மறு ஆண்டு மக்காவிலிருந்து இராக்கியக் கூட்டத்துடன் சென்றபோது கண்டவற்றை விரிவாக எழுதியுள்ளார். ஏழைகளுக்கெனத் தண்ணீர் சுமக்கும் ஒட்டகங்கள், நோயுற்றோர்க்கான மருந்தும் சர்க்கரையும், வறியோர்க்குச் சமைக்கப் பெரும் செம்புக் கொப்பரைகள், நடக்க இயலாதாரை ஏற்றிவரத் தனி ஒட்டகங்கள், இரவில் வழிகாட்டத் தீவட்டிகள் ஆகியவை அக்கூட்டத்தில் இருந்தன. நடையிழந்தவர்க்கென ஒட்டகம் ஒதுக்கிய கூட்டத்திற்கே காஃபிலா என்ற பெயர் முழுதும் பொருந்தும். அவர் பிற்காலத்தில் நம் மஃபர்க் கரைக்கும் வந்து மதுரை சுல்தானின் விருந்தினராய் இருந்தார். 1349-இல் மொராக்கோவுக்கு அவர் மீண்டபோது பெற்றோர் இருவரும் உயிரோடில்லை. திரும்பி வருதல் என்பது போனவர் ஒருவரின் கையில் மட்டும் இல்லை போலும்!

உஸ்மானியர் காலத்தில் டமாஸ்கஸிலிருந்து ஹாஜிகள் திரும்பும் தறுவாயில், உணவும் நீரும் காவற்படையும் கொண்ட எதிர்கொள் கூட்டம் ஒன்று ஆண்டுதோறும் பாதி வழிக்கு அனுப்பப்பட்டது. 'ஜர்தா' என்பது அதன் பெயர். வழியிலுள்ள பதவிக் குலத்தார்க்கு உரிய தொகையும் கொடுக்கப்பட்டு வந்தது. பல்லாண்டு இதனைச் செம்மையாக நடத்திய ஆளுநர் அஸ்அத் பாஷா அல்அஸ்ம் 1757-இல் மாற்றப்பட்டார். அவ்வாண்டு முதலில் ஜர்தாவும், பிறகு திரும்பிய ஹஜ்ஜுக் கூட்டமும் தாக்குண்டன. வாளாலும் பசியாலும் தாகத்தாலும் மடிந்தோர் ஏறத்தாழ 20,000 பேர் என்பர் வரலாற்றாசிரியர். திருப்பிச் சேர்க்கும் ஏற்பாடு ஓராண்டு தவறியதற்கு விலை இது.

இவ்வேற்பாடுகளுக்கெல்லாம் மூலம் பெருமானார் (ஸல்) அவர்களின் வழிமுறையே. பயணத்தில் அவர்கள் கூட்டத்தின் பின்பகுதியில் வருவார்கள், தளர்ந்தோரை முன்செலுத்துவார்கள், தம் வாகனத்தில் பின்னே ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காக துஆச் செய்வார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. காஃபிலாவின் தலைமை இடம் கடைசி வரிசை என்பதை இதைவிடத் தெளிவாக யார் உணர்த்தவியலும்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறியாது பின்தங்க நேர்ந்தபோது, அவர்களைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்த்தவர், படைக்குப் பின்னே வந்துகொண்டிருந்த ஸஃப்வான் (ரலி) அவர்களே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இன்று ஒட்டகமும் இல்லை, கர்மத்தியரும் இல்லை. மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஓடிய ஹஜ்ஜுக் கப்பலும் 1995-இல் நின்றுவிட்டது. சில மணி நேரத்தில் விமானம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எனினும் மினாவின் நெரிசலில் வழி தவறும் முதியவர் இன்றும் உண்டு. மொழி தெரியாமல் கூடாரத்தைத் தேடி அழும் மூதாட்டி இன்றும் உண்டு. தம் குழுவுக்குக் காஃபிலா என்று பெயரிட்டு விளம்பரம் செய்வோர், அப்பெயர் தங்கும் விடுதியின் வசதியையோ உணவின் வகையையோ குறிப்பதன்று என்பதை நினைவிற் கொள்வாராக. எண்ணி அழைத்துச் சென்றவர்களை எண்ணித் திருப்பி ஒப்படைப்போம் என்னும் வாக்குறுதியே அப்பெயர்.

அந்தப் பெரியவரைப் பற்றிய செய்தியைக் கூறி முடிக்கிறோம். உஸ்தாது அஸ்ஹரீயைக் காட்டிய மறுநாளே சென்று மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எண்ணினோம். வெட்கம் தடுத்தது. ஹஜ்ஜை முடித்து வரட்டும், காஃபிலாவை வரவேற்கச் செல்லும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். காஃபிலா வந்தது, அவர் வரவில்லை. ஹஜ்ஜின் கிரியைகளை நிறைவு செய்தபின் மக்காவிலேயே அவர் உயிர் பிரிந்ததாகவும், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாகவும் உடன் சென்றவர்கள் கூறினர்.

அப்படியாயின் அவர் அச்சிட்ட சொல் அவரளவில் பொய்த்துவிட்டதா என்று அன்று மனம் கலங்கிற்று. எம் உஸ்தாது சொன்ன விடை இன்றும் காதில் ஒலிக்கிறது. "மரணச் செய்தி கேட்டதும் நாம் ஓதும் வசனத்தின் கடைசிச் சொல் என்ன?" என்று கேட்டார். 'ராஜிஊன்' என்றோம். "அதற்கு என்ன பொருள்?" என்றார். திரும்பிச் செல்வோர் என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அன்று முதல் புறப்படும் கூட்டத்தைக் காஃபிலா என்று எவரேனும் சொல்லக் கேட்டால் நாம் திருத்துவதில்லை. உள்ளத்திற்குள் 'ஆமீன்' சொல்லிக்கொள்கிறோம்.